நடந்தது நடந்தபடி

பிழை யாருடையது

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொழில் ஊட்டிவிட்ட ஒரு பழக்கம் உண்டு. எது உடைந்தாலும் முதலில் நம் நிரலைத்தான் சந்தேகப்பட வேண்டும். கம்பைலர் மேல் பழி போடும் முன், டேட்டாபேஸ் மேல் பழி போடும் முன், நேற்று நாம் மாற்றிய நான்கு வரிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். இந்தப் பழக்கம் படியாதவர் இந்த வேலையில் தேறுவது கடினம்.

அநீதி நேரும்போது இதே பழக்கம் நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. கைக்கெட்டிய பதவி உயர்வு நழுவிப்போகிறது. நாம் எழுதிய பகுதி இன்னொருவர் பெயரில் கிளையன்ட் முன்னால் போகிறது. போன மாதம்வரை பாராட்டிய மேனேஜர் பி.ஐ.பி. (செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்) என்று ஒரு தாளை நீட்டுகிறார். அன்றிரவு நாம் செய்வது டீபக்கிங். அந்தக் கூட்டத்தில் பேசியது தப்பா, அந்த மெயிலின் தொனி சரியில்லையா, ஆறு மணிக்குக் கிளம்பியதை யாராவது பார்த்துவிட்டார்களா என்று நம்மையே வரிவரியாகத் துருவுகிறோம். காரணம் நம்மிடம்தான் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை. கணினிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அங்கே அந்த நம்பிக்கை செல்லும். நிறுவனத்துக்கு விருப்பு உண்டு, வெறுப்பு உண்டு, பட்ஜெட்டும் உண்டு.

இந்தக் குறிப்புகளில் நான் எந்தப் பக்கம் போனாலும் வந்து சேர்கிற இடம் ஒன்று இருக்கிறது. நேர்ந்த அநீதியை அதன் அளவிலேயே பார்க்கப் பழக வேண்டும். குறைத்துப் பார்த்தால் மிச்சப் பழியை நம் தலையில் போட்டுக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் அதற்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கிவிடுவோம்.

இலைக் கணக்கு

அப்ரைசல் பருவத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பல வருடக் காயம் கொஞ்சம் ஆறும். மேனேஜர் தன் குழுவில் எல்லோருக்கும் ஒரு ரேட்டிங் போடுகிறார். அதோடு முடிவதில்லை. அடுத்தது நார்மலைசேஷன் கூட்டம். ஓர் அறையில் பல மேனேஜர்கள், திரையில் ஓர் எக்செல் தாள். மேல் ரேட்டிங்குக்கு இத்தனை சதவீதம், நடுவில் இத்தனை, கீழே இத்தனை என்று முன்கூட்டியே உத்தரவு வந்திருக்கும். கூட்டிப் பார்த்தால் மேலே ஆள் அதிகம். யாரையாவது இறக்க வேண்டும்.

ஒரு மனிதரின் ஒரு வருட உழைப்பைப் பற்றி அங்கே சில நிமிடம் பேச்சு நடக்கும். யாருடைய மேனேஜர் அழுத்திப் பேசுகிறாரோ அவருடைய ஆள் தங்குவார். மகப்பேறு விடுப்பில் இருந்தவர், பேப்பர் போட்டுவிட்டவர், குழுவுக்குப் புதியவர் ஆகியோரின் பெயர்கள் சுலபமாக இறங்கும். பத்துப் பேர் உட்கார்ந்த பந்தியில் எட்டு இலைதான் என்று சமையலறையில் முடிவு செய்துவிட்டு, எழுப்பிவிட்ட இரண்டு பேரிடம் உங்களுக்குப் பசி போதவில்லை என்று சொல்வதுபோல, மறுநாள் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் சொல்லப்படும். முன்முயற்சி போதாது. விசிபிலிட்டி போதாது. கேட்பவர் அந்தக் காரணத்தை நம்பி வருடம் முழுக்க அதைத் திருத்தப் பாடுபடுவார்.

ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலக்ட்ரிக் தன் ஊழியர்களை 20, 70, 10 என்று பிரித்தது. கடைசி 10 சதவீதம் வெளியே போக வேண்டியவர்கள். மைக்ரோசாஃப்ட் இதே வகைத் தரவரிசையைப் பல வருடம் நடத்திவிட்டு, குழு வேலையும் கூட்டுழைப்பும் முக்கியம் என்று சொல்லி 2013 நவம்பரில் கைவிட்டது. வகுத்துப் பயன்படுத்தியவர்களே ஒதுக்கிவிட்ட அளவுகோல் அது. அதனால் அளக்கப்பட்டு, இன்னமும் தன்னைக் கீழ் ரேட்டிங் ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

ஸ்லைடில் இருந்த பெயர்

பல வருடம் முன்பு, சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகம். ஒரு வங்கிக்கான செட்டில்மென்ட் பேட்ச் ஜாப் இரவில் ஓடத் தொடங்கி, காலையில் கிளைகள் திறக்கும் நேரம்வரை முடியாமல் கிடந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒருமுறை டேட்டாபேஸுக்குப் போய்வந்துகொண்டிருந்ததை மாற்றி, ஆயிரம் ஆயிரமாக எடுக்கும்படி எழுதினேன். தேவையான இடத்தில் ஓர் இண்டெக்ஸ். பாதியில் நின்றால் நின்ற இடத்திலிருந்தே தொடர ஒரு செக்பாயின்ட் டேபிள். ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது.

கிளையன்ட்டுக்குக் காட்டிய ஸ்லைடில் இன்னொருவர் பெயர் இருந்தது. அந்த ரெப்போவில் அவர் ஒரு கமிட்கூடச் செய்ததில்லை. அந்த வருடம் ஆன்சைட் போனதும் அவர்தான். போய்க் கேட்டேன். “டீம் எஃபர்ட்தானேம்மா இது. பெர்சனலா எடுத்துக்காதீங்க” என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் பதில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு கிட் லாக்கைத் திறந்தேன். கிளையன்ட் அதைப் பார்க்கப்போவதில்லை. அப்ரைசலிலும் அது வராது. ஆனாலும் முதல் கமிட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். செக்பாயின்ட் டேபிளுக்கு எழுதிய நீண்ட குறிப்பு. மாதக் கடைசி நாளில் மட்டும் தொகை இடறிய காரணத்தைக் கண்டுபிடித்த இரவு. ரிவியூவில் ஒரு சீனியர் கேட்ட நல்ல கேள்வியும் அதற்கு நான் செய்த மாற்றமும். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், என் பெயர். இதை நான் செய்தேன். அந்த வாக்கியம் உண்மையாக இருக்க யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. மனம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிற்க ஓர் இடம் கிடைத்தது.

முதல் சில நாட்கள்

சோறு இறங்காது. தூக்கம் மூன்று மணிக்குக் கலையும். இந்த நாட்களில் பேப்பர் போடக் கூடாது, எல்லோரையும் சிசியில் போட்டு மெயில் அனுப்பக் கூடாது. எழுதத் தோன்றினால் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டு எழுதலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாத வீட்டில் நம் எரிச்சல் குழந்தைகள் மேல் போய் விழும்.

அநீதி நடந்த கூட்டத்தை மனம் மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டும். உட்கார்ந்து அதையே கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் மேனேஜர் சொல்லாத ஒரு வார்த்தை புதிதாகச் சேரும். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றும் சேரும். சில வாரத்தில் அந்தக் கூட்டம் நடந்ததைவிட மிகவும் கொடியதாகிவிடும். ஓட்டத்தை நிறுத்த என்னால் முடிந்ததில்லை. இது அன்று நடந்தது, இது இன்று சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க மட்டும் முடிந்திருக்கிறது. அப்படிப் பிரித்துப் பார்ப்பதைத்தான் என் தியானம் என்று சொல்வேன். மூச்சைக் கவனிப்பது அதற்குத் துணை.

பதிவு

நல்ல பக் ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் வரும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. நமக்கு நேர்ந்ததையும் இந்த முறையில் எழுதி வைக்கலாம்.

‘எல்லோர் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்திவிட்டார்’ என்று எழுதினால் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும், வேறு பயன் இல்லை. ‘செவ்வாய் காலை ஸ்டாண்ட்அப். ஏழு பேர் இருந்தோம். ரிலீஸ் தள்ளிப்போனதற்கு நான் காரணம் என்றார். தேதியை மாற்றச் சொன்னது கிளையன்ட். திங்கட்கிழமை மெயிலில் இருக்கிறது. அதைச் சொன்னேன். பதில் சொல்லாமல் அடுத்தவரிடம் போய்விட்டார்.’ இப்படி எழுதியதைப் படிக்கும்போது, நடந்தது தவறு என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அவர் அரக்கர் என்று மட்டும் தோன்றுவதில்லை. அன்று அவருக்கு ஒரு பலி தேவைப்பட்டிருக்கிறது, அருகில் நான் இருந்திருக்கிறேன்.

தேதி முக்கியம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும்; நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் தரலாம். கலங்கிக் கிடக்கும்போது மூன்று மாதம் எப்படிப் போனதென்றே தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆதாரம் சேர்ப்பதாக எண்ணி நிறுவனத்தின் நிரலையோ கிளையன்ட் தரவையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடக் கூடாது. நியாயம் நம் பக்கம் இருந்தும், வெளியேற்ற அவர்களுக்கு அந்த ஒன்று போதும். என்ன நடந்தது, என்றைக்கு, யார் இருந்தார்கள் என்பதை நம் நோட்டில் நம் கையால் எழுதி வைத்தால் போதும்.

அநியாயமாக நடத்துகிறவர் சொல்வதிலும் ஒரு வரி உண்மை இருக்கலாம். டெஸ்ட் குறைவாக எழுதுகிறாய் என்பது உண்மையானால் நாளையிலிருந்து கூட எழுதலாம். அதனால் பெயரை மறைத்தது நியாயமாகிவிடாது. இரண்டும் தனித்தனி டிக்கெட். ஒன்றை மூடுவதற்கு இன்னொன்றைக் காட்டக் கூடாது, அவர்களும் சரி, நாமும் சரி.

லின் கான்வே

மனம் தளரும் நாட்களில் நான் நினைத்துக்கொள்கிற பெயர் லின் கான்வே. 1938-இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1964-இல் ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். ஏ.சி.எஸ். என்ற அதிவேகக் கணினித் திட்டத்தில் வேலை. கட்டளைகள் வந்த வரிசையிலேயே காத்து நிற்காமல், தயாராக இருப்பவற்றை முன்னெடுத்து ஒரே சுற்றில் பலவற்றை நிறைவேற்றும் வழியை அங்கே அவர் வகுத்தார். இன்றைய பிராசஸர்களில் சாதாரணமாகிவிட்ட யோசனை அது.

1968-இல், உலகம் ஆண் என்று அறிந்திருந்த அவர், பெண்ணாக மாறப்போவதை நிறுவனத்துக்குத் தெரிவித்தார். ஐ.பி.எம். அவரை வேலையிலிருந்து நீக்கியது. மணவாழ்க்கை முறிந்தது. பெற்ற பிள்ளைகளைப் பார்க்க வழியில்லாமல் போனது. புதிய பெயரோடு, பழைய வேலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க முடியாத நிலையில், ஒப்பந்த நிரலராக அடியிலிருந்து தொடங்கினார். பிறகு மெமோரெக்ஸ் நிறுவனம். 1973-இல் ஜெராக்ஸின் பார்க் ஆராய்ச்சி மையம். அங்கே கால்டெக்கின் கார்வர் மீடோடு சேர்ந்து, சிப் வடிவமைப்பைச் சில எளிய விதிகளுக்குள் கொண்டுவந்தார். 1978-இல் எம்.ஐ.டி.யில் அதைப் பாடமாக நடத்தினார். மாணவர்கள் வரைந்தவை பாடம் முடிந்த சில வாரத்தில் உண்மையான சிப்புகளாக அவர்கள் கைக்கு வந்தன. இருவரும் எழுதிய பாடநூல் 1980-களில் பல்கலைக்கழகங்களுக்குப் பரவி, சில பெரிய நிறுவனங்களுக்குள் அடைந்து கிடந்த கலையை மாணவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முப்பது வருடம் அவர் தன் ஐ.பி.எம். வேலையை உரிமை கோரவில்லை. கோர முடியவில்லை. 1990-களின் கடைசியில் ஒரு கணினி வரலாற்று ஆய்வாளர் ஏ.சி.எஸ். பற்றித் தேடத் தொடங்கியபோதுதான் தன் கதையை வெளியே சொல்ல முடிவெடுத்தார். அந்தக் காலத்துத் தாள்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். யாரிடமும் காட்ட முடியாத தாள்கள், இத்தனை வீடு மாறி, இத்தனை வருடம். அவற்றைக் கொண்டு அந்தத் திட்டத்தின் வரலாற்றை மறுபடி எழுத முடிந்தது. 2020-இல் ஐ.பி.எம். அவரிடம் மன்னிப்புக் கேட்டது. நீக்கி 52 வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வயது 82. 2024 ஜூனில் காலமானார்.

அடி யாரையும் வளர்ப்பதில்லை

இந்தக் கதையைச் சொன்னால் சிலர் உடனே, அந்த அடிதான் அவரை உயர்த்தியது என்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நீக்கப்படும் முன்பே அவர் பெரிய காரியம் செய்துகொண்டிருந்தார். ஐ.பி.எம். அவரை வைத்திருந்தால் இன்னும் என்னென்ன கிடைத்திருக்கும் என்பதை யாரும் அறிய முடியாது. தாங்கியது அவருடைய பலம். அடிக்கு அதில் பங்கு கிடையாது.

மேலும், மீண்டு வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. 1946 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அன்று எல்லோரும் வியந்து பார்த்த எறிகணைப் பாதைக் கணக்கை அந்த இயந்திரத்தில் அமைத்தவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரு பெண்கள். அந்தக் கணினிக்கு நிரல் அமைத்த பெண்கள் ஆறு பேர். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களில் ஒருவருக்கும் அழைப்பில்லை. 1980-களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு இவர்கள் யார் என்று கேட்டபோது, படம் அழகாக இருப்பதற்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடினார். 1997-இல் ஆறு பேருக்கும் கௌரவம் வந்தது. அவர்களில் ஒருவரான ரூத் லிக்டர்மன் அதைப் பார்க்கவில்லை. 1986-லேயே இறந்துவிட்டார்.

பொறுத்திருந்தால் காலம் நியாயம் சொல்லும் என்று யாருக்கும் நான் ஆறுதல் சொல்வதில்லை. ஒரு மாணவி கேட்டதால்தான் சொன்னது.

தம்பி கேட்டது

என்னோடு வேலை பார்த்த விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு சாயங்காலம் போன் செய்தான். குரல் அடைத்திருந்தது.

“அக்கா, ஹெச்.ஆர். கூப்பிட்டு ரிசைன் பண்ணிடுங்கன்னு சொல்றாங்க. பண்ணினா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தருவாங்களாம். இன்னைக்கே கையெழுத்துப் போடணுமாம்.”

“போட்டுட்டியா?”

“இல்லக்கா. கையெல்லாம் நடுங்குது. வீட்ல சொன்னா, ஏ.சி. ரூம்ல உக்காந்து பாக்குற வேலைல உனக்கு என்னடா கஷ்டம்னு கேப்பாங்க.”

“போடாத. படிச்சுப் பாக்க ஒரு நாள் டைம் வேணும்னு மெயில்ல கேளு. வாய்ல கேக்காத. நாளைக்கு ஒரு லேபர் வக்கீலைப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம், நானும் வர்றேன்.”

ராஜினாமாக் கடிதத்தில் நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர்கள்தான் நீக்கினார்கள் என்று பிறகு நிறுவுவது மிகக் கடினம். அவனுக்கு அது தெரியாது. எங்களில் பலருக்கும் தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்றே நினைத்திருந்தோம். 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் சென்னையில் பெரிய அளவில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தபோது, கர்ப்பிணியான ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போய்ப் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். 2016-இல், ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. ஒருவர் தொழிலாளரா இல்லையா என்பதற்கு விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயர் கணக்கில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

தம்பி உடனே கையெழுத்துப் போடவில்லை. சில வாரப் பேச்சுக்குப் பிறகு, கேட்ட நிபந்தனைகளில் சில கிடைத்து, கௌரவமாக வெளியே வந்தான். இப்போது கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறான். எல்லோராலும் சண்டை போட முடியாது. வீட்டுக் கடன், அப்பாவின் மருந்துச் செலவு, தங்கையின் கல்யாணம் என்று பொறுப்புகள் இருக்கின்றன. சண்டை போடாமல் கிளம்புவதும் சரி, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதும் சரி. நமக்கு இருந்த வழிகள் எவை என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். தெரிந்து எடுத்த முடிவு பின்னாளில் அவ்வளவாக அரிப்பதில்லை.

எனக்குக் கீழே

இப்போது நார்மலைசேஷன் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. பட்ட அநீதியின் கணக்கு இங்கேதான் உண்மையில் பார்க்கப்படுகிறது. வாங்கியதை அப்படியே கீழே இறக்கி வைப்பது எவ்வளவு சுலபம் என்பது இங்கே உட்கார்ந்தால் தெரியும்.

எட்ஸி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா, புரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்தால் யார் என்று தேடாமல் எப்படி என்று தேடும் முறையைப் பற்றி 2012-இல் எழுதினார். தவறு செய்தவருக்குத் தண்டனை பயம் இல்லாதபோதுதான் நடந்ததை முழுசாகச் சொல்வார், அப்போதுதான் அமைப்பைச் சரிசெய்ய முடியும் என்பது அதன் சாரம். சர்வர் விழுந்தால் இவ்வளவு நிதானமாக விசாரிக்கக் கற்றுக்கொண்ட நாம், ஒரு மனிதரின் வருடத்தை மதிப்பிடும்போது ஏன் அவசரப்படுகிறோம் என்று அந்த அறையில் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்கிறேன்.

என்னால் முடிந்தவை சின்னக் காரியங்கள். ரிலீஸ் குறிப்பில் செய்தவர் பெயரை எழுதுகிறேன். கிளையன்ட் கூட்டத்தில் செய்தவரையே பேச வைக்கிறேன். விடுப்பில் இருந்த பெண்ணின் பெயர் இறங்கப் பார்க்கும்போது, அவர் விடுப்புக்குப் போகும் முன் முடித்த வேலையின் பட்டியலைத் திரையில் போடுகிறேன். கணக்கு இடிக்கிறது என்பதற்காக இறக்கப்பட்டவரிடம் கணக்கு இடித்தது என்றே சொல்கிறேன். அவர் வேலையில் இல்லாத ஒரு குறையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில்லை.

இந்தச் சுற்றில் ஒரு பெயரை என்னால் தக்கவைக்க முடியவில்லை. என் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தேன். அவர் கட்டிய இரண்டு மாட்யூல்கள், தேதிகள், அதனால் கிளையன்ட்டுக்குக் குறைந்த வேலை எல்லாம் அதில் இருக்கின்றன. ரேட்டிங் மாறவில்லை. ஆட்சேபணை அவருடைய ஃபைலில் சேர்ந்தது. ஒரு நகலை அவரிடமும் கொடுத்தேன். அடுத்த மேனேஜர் யாராக இருந்தாலும், அந்த ஃபைலைத் திறக்கிறவர் ரேட்டிங்கோடு அதையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.